கயிறு கட்டினவன் ரத்தம்

அப்பாதுரை குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் திண்டிவனத்தில் இதை நம்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. நம்பாதது ஊராக மட்டும் இருந்திருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பான். ஊர் என்றைக்கு யாரை நம்பியது? ஆனால் அம்சாவே நம்பவில்லை. கட்டின பெண்டாட்டி, துணிமணியை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டு விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டைகூடப் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு இவனும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள்.

அவள் திரும்பி வர வேண்டும். அப்பாதுரைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் வர வேண்டுமென்றால் அவன் குடிக்கவில்லை என்று அவள் நம்ப வேண்டும். அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை, அவனுடைய சொந்த ரத்தம்தான்.

ஒரு காலத்தில் குடித்தவன்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஓமந்தூர்ப் பக்கம் ஒரு காணி நிலம் இருந்தது. மல்லாட்டைக் கடலை போடுவான், கிணற்றில் தண்ணீர் இருந்த வருடம் நெல் வைப்பான். கிணறு கைவிட்ட பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திண்டிவனத்துக்குக் குடிவந்து, மாசிலாமணி என்பவரின் பேட்டரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே நாள் முழுக்கப் புகையில் நின்று தொண்டை வறண்டு போகும். சாயங்காலம் தொண்டையை நனைக்கப் போனவன், வீட்டுக்குத் தவழ்ந்து வரும் அளவுக்கு நனைத்துக்கொண்டான். வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போக மாட்டான். அம்சா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் ஒரு அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் அவனுக்குக் கயிறு கட்டினாள்.

கயிறு கட்டுவது அவர்கள் சாதிசனத்தில் புதிது இல்லை. குடிக்கிறவனை டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் கயிற்றுக்குத்தான் கூட்டிப் போவார்கள். அம்மன் சந்நிதியில் மணிக்கட்டில் கயிறு ஏறிவிட்டால் அதற்கப்புறம் தொடக்கூடாது. தொட்டால் ரத்தம் கெட்டுப்போகும் என்பது பேச்சு. எப்படிக் கெடும், கெட்டால் எப்படித் தெரியும் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. சாமி காரியத்தில் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தக் கூட்டத்தில், முண்டியடிக்கிற சனங்களுக்கு நடுவில், அப்பாதுரை சத்தியம் செய்தான். செய்தது செய்ததுதான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை.

குடியை விட்டவனுக்குச் சாயங்காலம் ரொம்ப நீளமாகிவிடும். அப்பாதுரை அந்த நேரத்தையும் ஷெட்டுக்கே கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. பழைய லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி என்று எது வந்தாலும் அவன்தான் உடைப்பான். ஆசிட்டைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளைப் பிய்த்தெடுத்து, இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவான். ஈயம் தகதகவென்று இளகி வரும். மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அச்சில் ஊற்றுவான். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மாசிலாமணி கெட்ட மனுஷன் இல்லை. ஒரு டப்பா நிறைய வெல்லம் வாங்கி வைத்திருப்பார். வெல்லம் தின்றால் புகை நெஞ்சில் தங்காமல் இறங்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வது. தகடு பிய்த்த கையாலேயே ஒரு கட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அப்பாதுரை அதை மருந்தாகவே நினைத்துத் தின்றான், கொஞ்சம் அதிகமாகவே தின்றான்.

அம்சா பூரித்துப்போனாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்க வீட்டுக்காரரு இப்ப தங்கமா இருக்கறாரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வருடம் இருந்திருக்குமா? சந்தேகம்தான்.

முதலில் தலைவலி வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ இலவச முகாம் போட்டிருந்தார்கள். சும்மா காட்டுவோம் என்று கையை நீட்டினான். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, உடனே டாக்டரைப் பார் என்று விரட்டினார்கள். பார்த்தான். உப்பைக் குறை என்றார் டாக்டர். அம்சா உப்பு ஜாடியையே பரணில் ஏற்றிவிட்டாள். உப்பில்லாத கேப்பைக் கூழும் உப்பில்லாத கீரையும் தின்று அப்பாதுரையின் நாக்கு செத்துப்போனது. பிரஷர் இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் கொழுப்பும் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. ஆளோ எலும்பும் தோலும்.

அந்த டாக்டர் வயதானவர், கூட்டம் தாங்காத கிளினிக். பேப்பரைப் பார்த்தார், அப்பாதுரையின் கருத்த உதட்டைப் பார்த்தார், நடுங்குகிற விரலைப் பார்த்தார். "குடியையும் கறியையும் விடாம என்கிட்ட வந்து இன்னா பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டார். அம்சா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் குடிக்கறது இல்லீங்க," என்றான் அப்பாதுரை. டாக்டர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்சா நாலடி முன்னாலேயே நடந்தாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் பொங்குகிறவள் அவள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கறி எடுத்தே மாதக்கணக்காகிறது. அப்படியும் கொழுப்பு ஏறுகிறதென்றால் வீட்டுக்கு வெளியே ஏதோ நடக்கிறது. கயிறு கட்டினவன் ரத்தம் கெட்டுக் கிடக்கிறதென்றால் என்ன நடக்கிறது என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. அவள் அப்படி நினைத்ததில் குற்றம் சொல்லவும் முடியாது. அவளுக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு என்ன மிச்சம் இருந்தது?

மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. அவனுக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். தெருவில் நடக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான். எதிர்வீட்டு சவுரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மெதுவா போப்பா, விழுந்துகிழுந்து வெக்கப் போற என்பாள். வாங்கி வரச் சொன்ன சாமான் மறந்துபோகும். சின்ன விஷயத்துக்குக் கத்துவான். இதையெல்லாம் அம்சா முன்பே பார்த்தவள். குடித்த காலத்தில் அவன் இப்படித்தான் இருந்தான். வாயை ஊதிக் காட்டு என்று ஒரு நாள் கேட்டாள். ஊதினான். வாடை இல்லை. இப்ப வாடை வராத சரக்கெல்லாம் வந்திருக்குதாமே என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நாளில்தான் போனாள்.

தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். காலையில் எழுந்ததும் டிவியைப் போட்டுவிடுவான். பார்ப்பதற்கு இல்லை, வீட்டுக்குள் ஒரு குரல் கேட்க வேண்டும் என்பதற்கு. அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் போட்டு, மிஞ்சினதைத் தண்ணீர் ஊற்றி வைத்து, அதையே மறுநாளும் தின்பான். அவள் போட்டிருந்த கட்டுப்பாட்டை ஒன்றுவிடாமல் காப்பாற்றினான். பரணில் இருந்த உப்பு ஜாடியை எடுக்கவில்லை. பார்க்க ஆளில்லாத வீட்டில் உப்பில்லாமல் தின்பது எதற்கு என்று தோன்றும். தோன்றும்போது அழுகை வரும். அழுவான், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவான்.

போன் போட்டால் எடுப்பாள். எடுக்க மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பான். அத்தோடு போனை அருணாவிடம் கொடுத்துவிடுவாள். மகள் தன் குழந்தை செய்த சேட்டையை எல்லாம் சொல்வாள். பின்னால் அம்சா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். மகள் பேசுவதை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பான்.

டீக்கடையில் இன்னொரு விதமாக நடந்தது. கயித்த அவுத்துட்டு தைரியமா குடியேன்பா, எதுக்குத் திருட்டுத்தனம் என்று ஒருவன் கேலி பேசினான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதுரையும் சிரித்து வைத்தான். அதற்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஆக, பேசுவதற்கு மாசிலாமணியும் உருகுகிற ஈயமும் மட்டும் மிச்சம்.

ஒரு நாள் ஷெட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வியர்த்துக் கொட்டியது. மாசிலாமணி பயந்துபோய் அவனை ஒரு ஆட்டோவில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட்டு, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று பஸ்ஸும் ஏற்றிவிட்டார். மனுஷன் கூட வந்திருக்கலாம், வரவில்லை. பஸ்ஸில் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

அங்கே அவனைப் பார்த்தது சித்ரா என்ற சின்ன வயசு டாக்டர். மகள் அருணா வயசுதான் இருக்கும். பிரஷர் பார்த்தாள், பழைய சீட்டுகளைப் புரட்டினாள். அப்பாதுரை அவள் கேட்பதற்கு முன்பே, நான் குடிக்கறது இல்லீங்க என்று சொல்லிவிட்டான். எங்கே போனாலும் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பது என்று அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அவள் வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டை மடக்கி, டார்ச் அடித்து, பல்லுக்கு அடியில் ஈறைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஈறுல நீலமா ஒரு கோடு ஓடுதே, எவ்ளோ நாளா இருக்கு?"

தெரியலிங்க என்றான். பல் அழுக்கு என்று நினைத்திருந்தான்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒரு டாக்டரும் கேட்டதில்லை. சொன்னான். உடைப்பது, பிய்ப்பது, உருக்குவது, வெல்லம் தின்பது எல்லாவற்றையும் சொன்னான். வெல்லத்தைக் கேட்டதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ரத்தம் எடுத்து வேறொரு பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினாள். ஷெட்டுக்குப் போகக்கூடாது, முடிவு வந்ததும் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

முடிவு வந்த அன்று அவனை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாள். அவன் ரத்தத்தில் ஈயம் நிறைய இருந்தது. புகையில் போனது, வெல்லத்தோடு வாய்வழியாகப் போனது, எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. ஈயம் ரத்தக்குழாயை இறுக்கிவிடும், கிட்னியைக் கெடுக்கும், அதனால்தான் பிரஷர் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஈரல் கொழுப்பைச் சமாளிக்கிற விதத்தையும் அது குழப்பிவிடும், அதனால் வெறும் கூழ் குடிக்கிறவனுக்கும் கொழுப்பு ஏறலாம். வயிற்றுப் பிடிப்பு, நடுக்கம், மறதி, கோபம் எல்லாம் அதே கணக்கில் வருகிறது என்றாள். அப்பாதுரை பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டான்.

"அப்ப குடிச்சதனால இல்லிங்களா?"

"நீங்க குடிக்கலன்னு அன்னிக்கே சொன்னீங்களே, ஐயா. நான் நம்புறேன். இதுக்குக் குடி தேவையே இல்ல, ஈயமே போதும்."

நான் நம்புறேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. மேஜையில் தலையைக் கவிழ்த்து, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி அழுதான். டாக்டர் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். அதற்கப்புறமும் சிலது சொன்னாள். வேலையை விட்டால்தான் இது இறங்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், துணியை யார் துவைப்பது என்று கேட்டாள். சம்சாரந்தாங்க, இப்ப மக வூட்ல இருக்குது என்றான். அவங்களையும் கூட்டிவாங்க, டெஸ்ட் பண்ணிடலாம், துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கும் வரும் என்றாள். தலையாட்டினான். காதில் வாங்கினானே தவிர மனசில் வாங்கவில்லை. மனசு ஏற்கெனவே எழுந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

மகள் வீடு விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். ஷேர் ஆட்டோவில் போகும்போது, அம்சாவிடம் என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நல்ல சட்டையாகப் போட்டு வந்தது எவ்வளவு நல்லது என்றும் நினைத்தான். மத்தியானம் அவளோடு பஸ் ஏறி ஊர் திரும்பிவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டான்.

அருணாவும் மருமகன் வேங்கடேசனும் வீட்டில் இருந்தார்கள். வாங்க மாமா என்று மருமகன் வாசலுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டான். அம்சா நிலைப்படியில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். அப்பாதுரை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஈறைக்கூட மடக்கிக் காட்டினான். அருணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேங்கடேசன், நாமதான் அநியாயமாப் பேசிட்டோம் என்று தரையைப் பார்த்தான். அப்பாதுரை அவர்களைப் பார்க்கவில்லை. அம்சாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது மலரும் என்று காத்திருந்தான். அது மலரவில்லை.

"அந்த ஈயம் துணியில ஒட்டிக்கினு வருமா?" என்று கேட்டாள்.

"வருமாம். டாக்டரம்மா உன்னயும் டெஸ்டுக்குக் கூட்டியாரச் சொல்லிச்சு. அது கெடக்கட்டும், இப்பவாவது நம்பறியா?"

அம்சா நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் பிரஷர் இருக்குது. உனக்கு வந்த அந்த வருசமே வந்துடுச்சி. கொழுப்பும் இருக்குதுன்னாங்க. மாத்திர சாப்ட்டுக்கினுதான் இருக்கறேன்."

அப்பாதுரைக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் சொல்லல என்று கேட்டான்.

"இன்னான்னு சொல்றது? நீ கயிறு கட்டும்போது பக்கத்துல நின்னு சூடம் புடிச்சவ நான். கட்டினவன் சத்தியத்தத் தாண்டினா கூட நின்னவளயும் புடிக்கும்னு எங்கம்மா சொல்லும். உனக்குக் கெட்டுச்சு, எனக்கும் கெட்டுச்சு. வேற இன்னான்னு நெனப்பேன்? நீ குடிக்கறன்னு கோவத்துல வரல. அங்கயே இருந்தா செத்துப்பூடுவேன்னு பயந்துக்கினு வந்தேன்."

அப்பாதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் ஷெட்டில் போட்ட சட்டையை அவள்தான் உதறுவாள். உதறும்போது கரும்பொடி பறக்கும், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிப்பாள். ஊறப்போட்டுக் கையால் கசக்குவாள், தண்ணீர் மைபோல இறங்கும். குடித்த காலத்தில் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ சட்டை. திருந்திய பிறகு தினம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று. திருந்தினேன் என்ற பெருமையில் தினமும் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். குடித்துவிட்டு எங்கேயாவது விழுந்து கிடந்திருந்தால் அவளுக்குள் இவ்வளவு ஈயம் போயிருக்காது.

"நான் குடிச்சிக்கினே இருந்திருக்கலாம், அம்சா," என்றான்.

"வாய மூடு," என்றாள் அவள். "உன்ன நம்பறேன். போதுமா? எழுந்து உள்ள வா. சோறு போடறேன்."

உள்ள வா என்றுவிட்டாள். அவன் எழுந்தான். அதற்குள் அருணாவின் குழந்தை தூங்கி எழுந்து, பாட்டியின் தோளைப் பிடித்து ஏறி இறங்கி, தாத்தாவைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அப்பாதுரை தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நல்ல சட்டைதான். ஆனால் அம்சா போன பிறகு நல்ல சட்டையையும் ஷெட்டுச் சட்டையையும் ஒரே பக்கெட்டில் போட்டுத்தான் அவன் துவைத்துக்கொண்டிருந்தான்.

"புள்ளயப் புடி," என்றான். "ஏம்மா அருணா, புள்ளயப் புடி. என்னாண்ட உடாத."

வேங்கடேசன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். குழந்தை வீறிட்டு அழுதது. அம்சா எழுந்து நின்று, வாய்யா என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. இந்தத் துணியோட வேணாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து, தெருவில் இறங்கி நின்றுகொண்டான்.